சின்ன ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டுமா? முதலில் எடைமேடைக்குப் போங்கள்

காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகிற சின்ன ட்ரெய்லர். உள்ளே இரண்டு பேர் படுக்க இடம், பின்கதவைத் தூக்கினால் அடுப்பு வைக்க ஒரு மேடை, அடியில் தண்ணீர் டேங்க். இப்படி ஒன்றைப் புதிதாகச் செய்யப் போகிறவர்களும் பழையதாக வாங்கப் போகிறவர்களும் முதலில் கேட்பது "என் வண்டி இதை இழுக்குமா" என்பதுதான். இழுக்கும். இன்றைக்கு ரோட்டில் ஓடுகிற டீசல் எஸ்யூவி எதுவும் 600, 700 கிலோவைச் சிரமமில்லாமல் இழுத்துவிடும். நிறுத்துமா என்று கேளுங்கள். அதையும் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், காலி ரோட்டில், காலி ட்ரெய்லரை வைத்துக்கொண்டு கேட்டுப் பயனில்லை. சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது, மழை தூறிக்கொண்டிருக்கிறது, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று நின்றுவிட்டது, பின்னால் கண்டெய்னர் லாரி ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த நேரத்தில் உங்கள் காரின் நாலு சக்கரம் மட்டும் மொத்தத்தையும் பிடித்து நிறுத்துமா?

ட்ரெய்லருக்கென்று தனி பிரேக் வேண்டுமா என்பதை வெல்டர் முடிவு செய்யக் கூடாது, விற்கிறவரும் முடிவு செய்யக் கூடாது. லோடு ஏற்றிய ட்ரெய்லரின் எடை, ஆட்களோடு சேர்த்து உங்கள் காரின் எடை, எந்த ரோட்டில் போகப் போகிறீர்கள், இந்த மூன்றும் தெரிந்தால் நீங்களே முடிவு செய்துவிடலாம். இதில் பெரும்பாலும் தப்பாகச் சொல்லப்படுவது முதல் எண்தான்.

காலி எடையை நம்பாதீர்கள்

"சும்மா 380 கிலோதாண்ணே, பிரேக்கெல்லாம் எதுக்கு" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். 380 என்பது பெயின்ட் காய்ந்த அன்றைக்கு இருந்த எடை. அதற்கப்புறம் நீங்கள் என்னவெல்லாம் ஏற்றுவீர்கள் என்று பாருங்கள். 60 லிட்டர் தண்ணீர் டேங்க் நிரம்பினால் 60 கிலோ. அது போதாது என்று 20 லிட்டர் கேன் இரண்டு எடுத்து வைப்பீர்கள், அது 40. ஃபேனும் விளக்கும் ஓட 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி என்றால் அது மட்டுமே 50 கிலோவுக்கு மேல். வீட்டு சிலிண்டரைத் தூக்கி வைத்தால் உள்ளே இருக்கிற கேஸ் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்து 30 கிலோ வந்துவிடும் (5 கிலோ சிலிண்டர் போதும், அதை எடுத்துப் போங்கள்). ஐஸ் போட்ட பெட்டி, அதில் காசிமேட்டில் வாங்கிய மீன், பிரியாணி அண்டா, அடுப்பு, மடக்கு நாற்காலி, தார்ப்பாய், ஜாக்கி, ஸ்டெப்னி, பாய், தலையணை, நாலு பேரின் துணிமணி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தால் 300 கிலோ எங்கே போனதென்றே தெரியாது. 380 கிலோ ட்ரெய்லர் ரோட்டில் இறங்கும்போது 700 கிலோ. பிரேக் பற்றிய எந்தச் சட்டமும் எந்தக் கணக்கும் இந்த ஏற்றிய எடையைத்தான் பார்க்கிறது.

அதனால் மனக்கணக்கோடு நிற்காமல் எடைமேடைக்குப் போங்கள். வடசென்னையில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. துறைமுக லாரிகள் ஓடுகிற மணலி, மாதவரம், செங்குன்றம் பக்கம் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. லாரி வரிசை கட்டாத நேரமாகப் பார்த்துப் போய், மேடைக்காரரிடம் மூன்று எடை வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதலில் காரும் ட்ரெய்லரும் கோத்தபடியே. அப்புறம் ட்ரெய்லரைக் கழற்றி மேடையில் விட்டுவிட்டு அது மட்டும். கடைசியாகக் கார் மட்டும், பயணத்தில் எத்தனை பேர் உட்காருவீர்களோ அத்தனை பேரோடு. டேங்க் நிரம்பியிருக்க வேண்டும், நீங்கள் உண்மையில் எடுத்துப் போகிற சாமான் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். பாதி ஏற்றிக்கொண்டு போய் எடை போட்டால் அந்தச் சீட்டு எதற்கும் உதவாது.

லாரிக்காகக் கட்டிய மேடை பெரும்பாலும் 10 அல்லது 20 கிலோ படியாகத்தான் எடை காட்டும். மொத்த எடைக்கு அது போதும், கொக்கி மேல் இறங்குகிற எடைக்குப் போதாது. அதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ட்ரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஆள் எடை பார்க்கிற மெஷின் ஒன்றைக் கப்ளிங்குக்கு (காரின் கொக்கியில் மாட்டுகிற ட்ரெய்லரின் முன்முனைக்கு) நேர் கீழே வைத்து, அதன் மேல் காரில் கோக்கும் உயரம் வருகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் மேல் கப்ளிங்கை இறக்குங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு வந்தால் நல்லது. 700 கிலோவுக்கு 70. ரொம்பக் குறைந்தால், அதாவது சாமான் எல்லாம் பின்பக்கம் போய்விட்டால், வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அந்த ஆட்டத்தின் காரணத்தை எந்த பிரேக்கும் சரி செய்யாது, சாமானை முன்னால் நகர்த்தித்தான் சரி செய்ய வேண்டும்.

எவ்வளவு தூரத்தில் நிற்கும்

பிரேக் இல்லாத ட்ரெய்லரை நிறுத்துவது உங்கள் காரின் டயர். அவசரத்துக்கு அழுத்தி மிதிக்கும்போது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிமானம்தான் எல்லை, அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் கிடைக்காது. ஏபிஎஸ் இருந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், ஸ்டியரிங் உங்கள் சொல் கேட்கும், ஆனால் இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது. ஆகவே ட்ரெய்லரின் எடை காரின் எடையில் எத்தனை சதவீதமோ, நிற்கிற தூரமும் ஏறத்தாழ அத்தனை சதவீதம் கூடும். இந்த ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

ஆட்களோடு 1,600 கிலோ வருகிற கார், பின்னால் 700 கிலோ ட்ரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். 44 சதவீதம். நல்ல டயர், காய்ந்த ரோடு, 80 கிலோமீட்டர் வேகம். கார் மட்டும் என்றால் பிரேக் பிடிக்க ஆரம்பித்த இடத்திலிருந்து 36 மீட்டரில் நிற்கும். ட்ரெய்லரோடு 52 மீட்டர் ஆகும். கூடுதலான அந்த 16 மீட்டர் ஒரு நாற்பதடிக் கண்டெய்னரின் நீளத்தைவிட அதிகம். இன்னொரு விதமாகவும் பாருங்கள்: கார் தனியாக இருந்தால் எந்த இடத்தில் முழுசாக நின்றிருக்குமோ, அந்த இடத்தைத் தாண்டும்போது நீங்கள் இன்னும் 44 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். மழையில் நனைந்த ரோடு என்றால் கார் மட்டும் 63 மீட்டர், ட்ரெய்லரோடு 90. இது எல்லாமே கால் பிரேக்கில் பட்ட பிறகு. முன்னால் நடப்பதைப் பார்த்து, உணர்ந்து, காலைத் தூக்கி வைக்கிற ஒரு நொடியில் 80 வேகத்தில் இன்னொரு 22 மீட்டர் ஓடிவிடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

60 கிலோமீட்டரில் இதே ஜோடிக்கு 20 மீட்டர் 29 ஆகிறது. "நான் அறுபதுக்கு மேல் போகவே மாட்டேன்" என்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். குறைகிறது, உண்மைதான், ஆனால் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை போக்குவரத்தில் ஒன்பது மீட்டருக்குள் ஒரு ஆட்டோவும் இரண்டு பைக்கும் இருக்கும்.

தூரத்தைவிட எனக்கு அதிகம் பயம் தருவது தள்ளுதல். நேராகப் போகும்போது பிரேக் பிடித்தால் ட்ரெய்லர் காரை நேராகத் தள்ளும், அது பரவாயில்லை. வளைவில் பிரேக் பிடித்தால் அதே தள்ளுதல் காரின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும். முன்சக்கர இழுவைக் கார் என்றால் பின்பக்கம் இயல்பாகவே லேசு, பிரேக் பிடிக்கும்போது இன்னும் லேசாகிவிடும். நீளம் குறைந்த கார் என்றால் இன்னும் மோசம். ஈரத்தில் ஒரு தடவை பின்பக்கம் விலகிவிட்டால், காரும் ட்ரெய்லரும் பேனாக்கத்தி மடிகிற மாதிரி மடிந்துகொள்ளும், அந்த இடத்தில் ஓட்டுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மூலக்கடை மேம்பாலத்தில் இறங்கி, கீழே சிக்னலில் நிற்கிற வண்டியைப் பார்த்து, கொஞ்சம் திரும்பிக்கொண்டே பிரேக் போடுகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். மலைக்கெல்லாம் போகாமலே இது நடக்கலாம்.

மற்ற நாடுகள் எங்கே கோடு போடுகின்றன

இந்தக் கேள்விக்கு வெளிநாடுகளில் பல வருஷமாகப் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதை ஒரு அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் ஏற்றிய எடை 750 கிலோவைத் தாண்டினால் ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம். அதற்குக் கீழே இருந்தாலும், பிரேக் இல்லாத ட்ரெய்லர் இழுக்கிற காரின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது என்று இன்னொரு கோடும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் 750தான். அதற்கு மேல் 2,000 கிலோ வரை ஒரு ஆக்சிலுக்காவது (சக்கரங்களைத் தாங்குகிற அச்சு) பிரேக், 2,000-க்கு மேல் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக், கூடவே கழன்றால் தானாகப் பிடிக்கிற ஏற்பாடும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல இடங்களில் 3,000 பவுண்டு, அதாவது 1,360 கிலோ வரை விட்டுவிடுகிறார்கள். கலிபோர்னியாவில் 1,500 பவுண்டு, சுமார் 680 கிலோ. அமெரிக்க வீடியோ பார்த்து "ஆயிரம் கிலோ வரைக்கும் பிரேக் வேண்டாமாம்" என்று சொல்கிறவர்கள், அங்கே அந்த ட்ரெய்லரை இழுக்கிற பிக்கப் வண்டியே இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்கு உறைக்கிற உதாரணம் சுசுகி ஜிம்னி. வெளிநாட்டில் விற்கிற மூன்று கதவு ஜிம்னிக்கு கம்பெனி இரண்டு எண் கொடுத்திருக்கிறது: ட்ரெய்லருக்கு பிரேக் இருந்தால் 1,300 கிலோ, இல்லாவிட்டால் 350 கிலோ. அதே கார், அதே இன்ஜின், அதே கொக்கி. வித்தியாசம் ட்ரெய்லரின் பிரேக் மட்டும். இங்கே விற்கிற பல கார்களின் கையேட்டில் இழுவை எடை பற்றி ஒரு வரியும் இருக்காது. அப்படி எழுதாமல் விட்டிருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மாடலே வெளிநாட்டிலும் விற்றால் அந்த நாட்டுக் கையேட்டில் பிரேக் இல்லாத எடை என்ன என்று தேடிப் பாருங்கள், அது நல்ல வழிகாட்டி.

நம்மூரில் 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லர் என்பது தனி வாகனம். காரின் பதிவு அதற்கும் சேர்த்து ஆகாது. வகைப்பாட்டில் 0.75 டன்னுக்கு உட்பட்டது டி1, அதற்கு மேல் 3.5 டன் வரை டி2. காரில் கொக்கி பற்றவைப்பதும் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதில் வரும், சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைப் பற்றித்தான் பேசுகிறது. அதனால் வெல்டிங் ராடைத் தொடுவதற்கு முன்பே தண்டையார்பேட்டையோ வியாசர்பாடியோ செங்குன்றமோ, உங்கள் ஏரியா ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரைபடத்தோடு போய்க் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரியப்படுத்துங்கள். இதற்கு மேல் காகித வேலை பற்றி இங்கே போக வேண்டாம்.

எங்கே போகப் போகிறீர்கள்

பழவேற்காடு போய் ஏரிக்கரையில் ஒரு ராத்திரி தங்கி வருவதுதான் உங்கள் திட்டம் என்றால், மீஞ்சூர், பொன்னேரி வழியாக முழுக்கச் சமதளம். கும்மிடிப்பூண்டி தாண்டி நெல்லூர் போனாலும் அப்படித்தான். அந்த ரோட்டில் வேகம்தான் எதிரி, இறக்கம் கிடையாது. ஆனால் ட்ரெய்லர் கட்டுகிறவர்கள் யாரும் பழவேற்காட்டோடு நிற்கப் போவதில்லை. முதல் லீவிலேயே ஏலகிரி, அப்புறம் ஏற்காடு, அதற்கடுத்து கொல்லிமலை. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுக்கு 20, கொல்லிமலைக்கு 70. ஏறும்போது இன்ஜின் முக்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் விஷயம் இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்குவது ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட இறக்கம். 700 கிலோ ட்ரெய்லர் ஆயிரம் மீட்டர் கீழே வரும்போது வெளிவிடுகிற ஆற்றல், அதே ட்ரெய்லரை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறத்தாழ 40 முறை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். இது ட்ரெய்லரின் பங்கு மட்டும், காரின் பங்கு தனி. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் இன்ஜின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். மீதி எல்லாம் சூடாகக் காரின் டிஸ்க்கிலும் டிரம்மிலும் ஏறும். பிரேக் ஆயில் டாட் 3 ரகம் என்றால் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது, ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரிதான் உத்தரவாதம். டாட் 4-க்கு 230-ம் 155-ம். கடலோரக் காற்றில், ராயபுரத்திலும் எண்ணூரிலும் வருஷம் முழுக்க நிற்கிற காரில் இரண்டு வருஷத்துக்கு மேல் மாற்றாத ஆயிலோடு மலையிறங்குவது வேண்டாம். ஆயில் கொதித்துக் குமிழி வந்துவிட்டால் மிதித்த கால் தரை வரைக்கும் போகும், பிரேக் பிடிக்காது. ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கை அதன் டிரம்களே வாங்கிக்கொள்ளும், காரின் பிரேக்குக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

ஆகவே என் முடிவு இப்படி: ஏற்றிய ட்ரெய்லர் காரின் எடையில் கால்வாசிக்குள் இருந்து, சமதளத்தில் மட்டும் ஓடப் போகிறது என்றால் பிரேக் இல்லாமல் விடலாம், நிதானமாக ஓட்டுங்கள். பாதியைத் தாண்டினாலோ 750 கிலோவைத் தாண்டினாலோ பேச்சே வேண்டாம், போட்டே ஆக வேண்டும். கால்வாசிக்கும் பாதிக்கும் நடுவில் இருக்கிறவர்கள்தான் அதிகம், அவர்களுக்கு ரோடுதான் பதில் சொல்லும். மலை ஏறுவீர்கள், அல்லது இரவில் சென்னையிலிருந்து வடக்கே போகிற ஜிஎன்டி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே எண்பதில் போவீர்கள், அல்லது கார் சின்னது என்றால் போட்டுவிடுங்கள். எடைமேடைச் சீட்டில் எண் எல்லைக்குப் பக்கத்தில் நின்றால் கூடுதலான பக்கமாகவே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ட்ரெய்லரின் எடை வருஷா வருஷம் கூடுமே தவிரக் குறைவதை நான் பார்த்ததில்லை.

இன்னும் முடிவுக்கு வர முடியாமல் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், ஆக்சிலின் இரண்டு முனையிலும் பிரேக் பிளேட் மாட்டுகிற ஃபிளாஞ்ச் (துளை போட்ட இரும்புத் தட்டு) இருக்கிற மாதிரி வாங்குங்கள். செலவில் பெரிய வித்தியாசம் வராது. அது இல்லாத ஆக்சிலுக்குப் பின்னாளில் பிரேக் வைப்பது என்றால் அறுத்துப் பற்றவைப்பதுதான் வழி, சுமை தாங்குகிற ஆக்சிலில் அந்த வேலை எனக்குச் சம்மதமில்லை. பழைய ட்ரெய்லர் வாங்குகிறவர்களும் குனிந்து முதலில் பார்க்க வேண்டியது இந்த ஃபிளாஞ்சைத்தான்.

எந்த பிரேக்

சின்ன ட்ரெய்லருக்கு இரண்டு வகைதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஒன்று தள்ளுவிசையில் வேலை செய்வது: கார் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலில் கப்ளிங்கின் தண்டு உள்ளே போய், ராடையும் கேபிளையும் இழுத்து, டிரம்முக்குள் அதை உரசிப் பிடிக்கிற ஷூவை விரிக்கும். வயர் வேண்டாம், காரில் எதையும் தொட வேண்டாம், எந்தக் கார் இழுத்தாலும் வேலை செய்யும், ஹேண்ட் பிரேக்கும் கூடவே வந்துவிடும். ஐரோப்பாவில் 3,500 கிலோ வரை இதைத்தான் அனுமதிக்கிறார்கள். வாங்கும்போது கப்ளிங்கில் பொறித்திருக்கிற எடை வரம்பைப் பாருங்கள், அதில் மேல் எண் மட்டுமல்ல, கீழ் எண்ணும் இருக்கும். 1,500 கிலோவுக்கான கப்ளிங்கை 500 கிலோ ட்ரெய்லரில் வைத்தால் அதை அழுத்துகிற அளவுக்கு ட்ரெய்லரில் எடை இருக்காது, பிரேக் இருந்தும் இல்லாத கதைதான். அடுத்தது ரிவர்ஸ். பின்னால் எடுக்கும்போதும் கப்ளிங் அழுந்தும், ஷூ பிடித்துக்கொள்ளும். ரிவர்ஸில் தானாக விடுகிற ஷூ உள்ள டிரம் வாங்குங்கள். வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைச் சந்துகளில் வீடு இருக்கிறவர்களுக்கு ரிவர்ஸ் எடுக்காமல் ஒரு நாளும் போகாது. மலையிறக்கத்தில் ஒன்று கவனிக்க வேண்டும்: கியரில் இறங்கினாலும் ட்ரெய்லர் தள்ளிக்கொண்டே இருப்பதால் இதன் ஷூ தொடர்ந்து உரசிக்கொண்டே வரும். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

இன்னொன்று எலெக்ட்ரிக். டிரம்முக்குள் ஒரு மின்காந்தம், காருக்குள் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கன்ட்ரோலர். சக்கரத்துக்கு ஏறத்தாழ 3 ஆம்ப், இரண்டு சக்கரத்துக்கு 6. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டுத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுக்க வேண்டும், பின்விளக்கு வயரிலிருந்து திருடக் கூடாது. கார் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ப பிரேக் கொடுக்கிற கன்ட்ரோலரே நல்லது. மிதித்ததும் நேரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றுகிற வகை, அவசரத்தில் ஏறி முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். இதில் பெரிய வசதி என்னவென்றால், ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தால் கார் பிரேக்கைத் தொடாமல் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுக்கலாம், அந்த நேரத்துக்கு ஆட்டம் அடங்கிவிடும். அடிக்கடி மலைக்குப் போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் மின்காந்தமும் ஷூவும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். உப்புக் காற்றில் முதலில் கெடுவது வயர் இணைப்புகள்தான், ஒவ்வொரு இணைப்பையும் கிரீஸ் வைத்து மூடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். கழித்துப் போட்ட காரின் பின் ஆக்சிலை டிரம்மோடு வாங்கி ட்ரெய்லருக்குப் போட்டுவிட்டு, "கார் பிரேக் லைன்ல ஒரு டி-ஜாயின்ட் போட்டு ஹோஸ் இழுத்துடலாம்ணே" என்பார்கள். காரின் மாஸ்டர் சிலிண்டர் நாலு சக்கரத்துக்கு வேண்டிய ஆயிலைத் தள்ளத்தான் அளவெடுத்துச் செய்யப்பட்டது. கூட இரண்டு சிலிண்டர் சேர்ந்தால் மிதி ஆழமாகப் போகும், ஏபிஎஸ் கணக்கு குழம்பும், கொக்கியிடம் ஹோஸ் அறுந்தால் காரின் பிரேக்கும் சேர்ந்து போகும். அந்த ஆக்சிலைத்தான் போடுவேன் என்றால், அதிலிருக்கிற ஹேண்ட் பிரேக் கேபிளைத் தள்ளுவிசைக் கப்ளிங்கோடு இணைக்கச் சொல்லுங்கள், ஷூவும் டிரம்மும் அப்படியே உதவும். ரிவர்ஸில் பிடிக்கும் என்பதால் கப்ளிங்கைப் பூட்டுகிற ஒரு லீவர் அவசியம் இருக்க வேண்டும், முன்னால் கிளம்பும்போது அதை எடுத்துவிட்டீர்களா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

கழன்றால் தானாகப் பிடிக்கிற ஏற்பாடு இல்லாமல் பிரேக் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் வண்டிகளில் காற்றுக்குழாய் அறுந்தால் பின் சக்கரங்கள் தானாகப் பூட்டிக்கொள்ளும், ஸ்பிரிங் அப்படி அமைத்திருக்கிறார்கள். உங்கள் ட்ரெய்லருக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். தள்ளுவிசை வகையில் ஒரு மெல்லிய கேபிள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடும். எலெக்ட்ரிக் வகையில் கேபிளில் கட்டிய ஒரு முளை உருவிக்கொண்டு, ட்ரெய்லரில் இருக்கிற சின்ன பேட்டரி பிரேக்கைக் கொடுக்கும். அந்தக் கேபிளைக் காரின் சேசிஸில் மாட்டுங்கள், கொக்கியின் உருண்டை மேல் சுற்றி வைக்காதீர்கள், உருண்டை கழன்றால் கேபிளும் கூடவே போய்விடும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளிங்குக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள்.

போட்ட பிறகு காலியான ரோட்டில் 30 வேகத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை மெதுவாக நிறுத்தி ஷூவைப் பழக்குங்கள். எலெக்ட்ரிக் என்றால் சக்கரம் பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்னால் வரை கன்ட்ரோலரை ஏற்றி அங்கே நிறுத்துங்கள். முதல் 300 கிலோமீட்டரில் ஷூ படிந்துவிடும், அப்போது ஒருமுறை டைட் செய்து, அதன் பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டபடி விடாதீர்கள். கடலோரத்தில் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு பிரேக்கை விடுவித்துவிடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலி, எண்ணூர் பக்கம் நின்ற மாதிரி தண்ணீர் தேங்கி ஹப் வரை முங்கிவிட்டால், வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் டிரம்மைக் கழற்றி, துடைத்து, பேரிங்கில் புது கிரீஸ் வைத்த பிறகே ரோட்டில் இறக்குங்கள்.

ஒவ்வொரு பயணத்திலும், வீட்டிலிருந்து கிளம்பி இருபது முப்பது கிலோமீட்டரில் ஒரு டீக்கடையில் நிறுத்தும்போது, இரண்டு பக்க ஹப்புக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பக்கம் ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தப் பக்கம் பிரேக்கே வேலை செய்யவில்லை. எதுவானாலும் அங்கேயே சரி செய்யுங்கள், முடியாவிட்டால் மெதுவாக வீட்டுக்குத் திருப்புங்கள்.